கேஷ் (cache) கணக்கில் கிருமாம்பாக்கம் ஏன் பெரிய ஊர்?

கடலூர்–புதுச்சேரி தடத்தில் பஸ் நேரம் காட்டும் சின்ன ஆப் ஒன்று செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நிறுத்தத்தின் பெயர், அடுத்த பஸ், கட்டணம் எல்லாம் ரெடிஸில் இருக்கும். அடிக்கடி கேட்கும் தரவை ரேமில் தயாராக வைத்திருக்கும் கேஷ் மென்பொருள் அது. "ஒரு பதிவுக்கு இருபது எழுத்து, பத்தாயிரம் பதிவு, அப்போ 200 கேபி போதும்" என்று டீமில் யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள்.

எழுத்தை எண்ணி பைட் கணக்குப் போடுவது தமிழ்த் தரவில்தான் மோசமாகக் காலை வாரும். 'புதுச்சேரி' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. பைத்தானில் நீளம் சொல்லும் லென் போட்டால் 10 வரும். உகரக் குறி, புள்ளி எல்லாம் எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடு. அவற்றைப் பைட்டாக எழுதும் யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 30. அதையே தரவை ஜேசான் வடிவ உரையாக்கும் பைத்தானின் ஜேசான் டம்ப்ஸ் வழியாக அனுப்பினால், ஒவ்வொரு குறியீடும் பின்சாய்கோடு, யு, நான்கு இலக்கம் என்று 6 பைட்டாக நீண்டு 60 ஆகிவிடும். ஆங்கில எழுத்து, எண், குறிகளை மட்டுமே பயன்படுத்தச் சொல்லும் என்ஷ்யூர் ஆஸ்கி அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினால் பாதி மிச்சம். சர்வருக்கு ரேம் கூட்டச் சொல்லிக் கேட்கும் முன் இந்த ஒரு வரியைப் பாருங்கள்.

சரி, பைட்டைச் சரியாக எண்ணியாயிற்று. அப்புறமும் மதிப்பை மட்டும் எண்ணிவிட்டு நிற்பவர்கள் நிறையப் பேர். ரெடிஸ் 7-இல் ஒவ்வொரு மதிப்புக்கும் 16 பைட் தலைப்பு உண்டு. சரத்துக்கென்று (எழுத்துத் தொடருக்கென்று) சிறு தலைப்பும் முடிவுக் குறியும் சேர்த்து இன்னும் 4 பைட். இவை எல்லாம் 64 பைட்டுக்குள் அடங்கினால் ஒரே துண்டாக வைக்கும். மீதி 44 பைட்தான் உங்களுக்கு. அரியாங்குப்பம் 42 பைட், உள்ளே போய்விடும். கிருமாம்பாக்கம் 45 பைட். ஒரே ஒரு பைட் கூடியதால் தலைப்பு ஓரிடம், சரம் வேறிடம் என்று இரண்டாகப் பிரியும். சேமிப்பு முறையைக் காட்டும் ஆப்ஜெக்ட் என்கோடிங் கட்டளை கொடுத்தால் முன்னதற்கு எம்ப்எஸ்டிஆர் என்றும், பின்னதற்கு ரா என்றும் வரும். இதற்காக ஊர்ப் பெயரைச் சுருக்க வேண்டாம். மனக்கணக்கை விட்டுவிட்டு மெமரி யூசேஜ் கட்டளையிடம் கேட்டால் போதும். அது சாவியையும் (மதிப்பைத் தேட வைத்த பெயரையும்) சேர்த்தே சொல்லும். பட்டியல், ஹேஷ் (பெயர்–மதிப்பு இணைகளின் தொகுப்பு) போன்றவற்றில் மட்டும் இயல்பாக 5 உறுப்பை மாதிரி பார்த்து மொத்தத்தை மதிப்பிடும். முழுக் கணக்கு வேண்டுமானால் சாம்பிள்ஸ் 0 என்று கொடுங்கள்.

பைத்தானுக்குள்ளேயே கேஷ் வைத்திருப்பவர்கள் அளவு சொல்லும் கெட்சைஸ்ஆஃபை நம்பி ஏமாறுவார்கள். பட்டியலைக் கொடுத்தால், உள்ளே இருக்கும் பொருள்களை அது எண்ணாது, அவை இருக்கும் இடத்தைக் காட்டும் சுட்டிகளை மட்டும்தான் எண்ணும்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தளத்தில் உள்ள மெமரிகேஷில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே மொத்த வரம்பான சைஸ்லிமிட் 1000 என்றால் ஆயிரம் எம்பியா, ஆயிரம் பைட்டா? இரண்டும் இல்லை. அதற்கு அலகே கிடையாது. பொருளை அது அளப்பதும் இல்லை, நீங்கள் சைஸ் என்று என்ன எண் கொடுக்கிறீர்களோ அதைக் கூட்டிக்கொண்டே போகும். எல்லாவற்றுக்கும் 1 என்று கொடுத்தால் அது வெறும் எண்ணிக்கை வரம்பு. ஒவ்வொன்றும் 5 எம்பி படமாக இருந்தாலும் ஆயிரம் வரை வாங்கிக்கொள்ளும். சைஸ் கொடுக்க மறந்தால் பிழை எறியும், அது நல்லதுதான். வரம்பை மீறும் புதுப் பொருளையோ சத்தமில்லாமல் சேர்க்காமல் விட்டுவிடும். கேஷ் வேலை செய்யவில்லை என்று அரை நாள் தேட வைப்பது இதுதான்.

மெம்கேஷ்டு என்ற இன்னொரு கேஷ் மென்பொருள், எவர்சில்வர் டப்பா அடுக்கு மாதிரி. ஒரு டப்பாவைவிட அடுத்தது இயல்பாக 1.25 மடங்கு பெரியது. சிறியதில் கொஞ்சம் வழிந்தால்கூட அடுத்ததில்தான் போடும், மீதி இடம் காலிதான். 64 எம்பி ஒதுக்கினால் 64 எம்பி தரவு அடங்காததற்கு இது ஒரு காரணம். போதாததற்கு சாவிகளைத் தேட உதவும் ஹேஷ் டேபிளும் இணைப்புகளுக்கான பஃபரும் (தற்காலிக இடமும்) அந்த 64-க்கு வெளியே ரேமைத் தின்னும்.

ரெடிஸின் நினைவக வரம்பான மேக்ஸ்மெமரி, 64-பிட்டில் இயல்பாக 0, அதாவது வரம்பே இல்லை. அப்படியே விடக் கூடாது. அதற்காக 4 ஜிபி சர்வரில் 4 ஜிபி என்று வைப்பதும் தப்பு. துண்டு துண்டாகச் சிதறிய நினைவகம் அந்தக் கணக்கில் வராது. தரவை வட்டில் சேமிக்கும் ஸ்நாப்ஷாட் எடுக்கும்போது ரெடிஸ் ஃபோர்க் ஆகி (தன்னைப் போல இன்னொரு செயல்முறையை உருவாக்கி), அந்த நேரத்தில் மாறும் பக்கங்களெல்லாம் நகலாகும். ரேம் தீர்ந்தால் லினக்ஸ் பொறுமையிழந்து ரெடிஸையே கொன்றுவிடும். தரவை எழுதும் வேலை அதிகமுள்ள அப்படிப்பட்ட சர்வரில் நான் இரண்டரை ஜிபிக்கு மேல் வைக்கமாட்டேன்.