கையெழுத்து வாங்கினால் பொறுப்பு கைமாறிவிடுமா? பாதுகாப்புப் பணியை ஒப்படைப்பதில் நடக்கும் தவறுகள்

"இனிமேல் இந்த செக்‌ஷனோட பாதுகாப்புக்கு நீங்கதான் பொறுப்பு" என்று ஒரு தாளை நீட்டி, சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் நிர்வாகங்கள் நிறைய. விபத்து நடந்து விசாரணை வரும்போதுதான் அந்தத் தாளை எல்லோரும் தேடுவார்கள். எடுத்துப் படித்தால் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இருக்காது.

பெரிய தவறு, பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்வது. கன்வேயர் பெல்ட்டை மூடியிருக்கும் கவசத்தில் இரண்டு போல்ட் கழன்றுவிட்டன, கவசம் ஆடுகிறது. ஷிஃப்ட் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். ஆனால் பெல்ட்டை நிறுத்த புரொடக்‌ஷன் மேனேஜரைக் கேட்க வேண்டும். போல்ட் வாங்க பர்சேஸ் ஒப்புதல் வேண்டும். பதில் வரும்வரை பெல்ட் ஓடுகிறது, அவர் ரிஜிஸ்டரில் எழுதி வைக்கிறார். பொறுப்பு என்ற பெயரில் அவர் தலையில் கட்டியது பழியைத்தான்.

ஆகவே பொறுப்பை ஒப்படைக்கும் கடிதத்தில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும்: யாரையும் கேட்காமல் வேலையை நிறுத்தும் அதிகாரம், அனுமதி கேட்காமல் எவ்வளவு செலவு செய்யலாம் என்ற வரம்பு. இத்தாலியின் பணியிடப் பாதுகாப்புச் சட்டமான 81/2008 இதை நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. ஒப்படைப்பு எழுத்தில், உறுதியான தேதியுடன் இருக்க வேண்டும். பெறுபவருக்குத் தகுதியும் அனுபவமும், செலவு செய்யும் சுதந்திரமும் வேண்டும். அவர் எழுத்தில் சம்மதிக்கவும் வேண்டும். ஆபத்துகளை மதிப்பிடும் கடமையை அங்கே முதலாளி யாரிடமும் ஒப்படைக்கவே முடியாது.

எழுதிக் கொடுத்தாயிற்று, இனி நமக்கு வேலையில்லை என்று மேலிடம் ஒதுங்குவது அடுத்தது. பணியிடப் பாதுகாப்புக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 என்ற சர்வதேச தரநிலைப்படி, பொறுப்பையும் அதிகாரத்தையும் பிரித்துக் கொடுக்கலாம். கடைசியில் பதில் சொல்ல வேண்டியவர்கள் உயர் நிர்வாகத்தினர்தான். கேட்ட சாமான் வந்ததா, கடைசியாக எப்போது வேலையை நிறுத்தினார் என்று மாதம் ஒருமுறையாவது பொறுப்பேற்றவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஒருமுறைகூட நிறுத்தியதில்லை என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் சறுக்குகிறார்கள். மறுத்துப் பேசாதவர், சீனியர், இது போதும் என்று நினைக்கிறார்கள். லேத்தில் முப்பது வருஷம் கை தேர்ந்தவருக்கு, மூடிய தொட்டிக்குள் ஆளை இறக்கலாமா என்று முடிவு செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அது ஆபத்தான காற்று என்பது அமெரிக்க அரசின் பணியிடப் பாதுகாப்புத் துறையான ஓஷாவின் விதி. ஆக்சிஜனை அளக்கும் மீட்டரைப் பிடிக்கவும் படிக்கவும் பயிற்சி கொடுத்த பிறகே கடிதம் கொடுக்க வேண்டும். பயிற்சிக்கான செலவை அவர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு தொழிலாளர் மேல் விழக் கூடாது என்று சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை சொல்கிறது.

"பாதுகாப்பு தொடர்பான அனைத்தும்" என்று எழுதினால் எதுவும் எழுதாததற்குச் சமம். எந்த இடம், எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், காண்ட்ராக்ட் ஆட்கள் உண்டா இல்லையா, லீவில் போனால் யார் பார்ப்பது என்று பெயரோடு வர வேண்டும். பழைய வேலையில் ஒரு துளிகூடக் குறைக்காமல் இதையும் சேர்த்துக் கட்டினால், ரவுண்ட்ஸ் போவது நின்று செக்லிஸ்ட்டில் டிக் மட்டும் விழும்.

அப்புறம் சுவரில் மாட்டிய பலகை. வேறு யூனிட்டுக்கு மாறிப் போனவரின் பெயரும் எண்ணும் அதில் அப்படியே இருக்கும். அவர் இடத்துக்கு வந்தவரிடம் இன்னும் யாரும் கடிதமே கொடுத்திருக்க மாட்டார்கள்.