சட்டப் பட்டதாரிகள் சட்ட நூலகத்துறைக்கு வரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பின் நீதிமன்றங்கள் அமைந்துள்ள புதுக்கடையில் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கீழ்ச் சில மாதங்கள் நின்று பார்த்துவிட்டு, வழக்காடுவது தமக்கு ஒத்துவராது என்று உணர்ந்துகொள்ளும் இளம் பட்டதாரிகள் சட்ட நூலகரான என்னிடம் வந்து சட்ட நூலகத்துறையைப் பற்றி விசாரிப்பதுண்டு. அவர்களில் பலர் முதலில் கேட்பது, "அங்கே அமைதியாக வேலை செய்யலாம்தானே?" என்பதே. இந்த எண்ணத்தோடு வருவதுதான் நான் கண்ட தவறுகளில் பெரியது.

நீதிமன்றம் கூடுவதற்கு அரை மணி நேரமே இருக்கையில் மூத்த சட்டத்தரணி ஒருவர் வந்து, "தம்பி, 1965 அப்பீல் கேசஸ், 172ஆம் பக்கம், கெதியாத் தாரும்" என்று மேசையருகே நிற்பார். அவர் சொல்வது இங்கிலாந்தின் தீர்ப்பறிக்கைத் தொடர் ஒன்று; அந்தத் தொகுதியை வேறொருவர் எடுத்துச் சென்றிருப்பார். அவர் கேட்பது இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க வழக்கு என்பதும், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் 1964இல் வழங்கிய அந்தத் தீர்ப்பு, இலங்கைத் தீர்ப்புகளின் தொடரான நியூ லோ ரிப்போர்ட்ஸ் (என்.எல்.ஆர்.) 66ஆம் தொகுதியின் 73ஆம் பக்கத்திலும் இருக்கிறது என்பதும் நூலகருக்குத் தெரிந்திருந்தால், அந்தச் சட்டத்தரணி வெறுங்கையோடு திரும்ப மாட்டார். என்.எல்.ஆர். தொகுதிகள் தொடரிலக்கத்தில் செல்பவை; பின்னர் வந்த ஸ்ரீ லங்கா லோ ரிப்போர்ட்ஸோ ஆண்டையும் அந்த ஆண்டுக்குரிய தொகுதி இலக்கத்தையும் கொண்டு அடையாளம் காணப்படுபவை. இவற்றை அவசரத்தில் பிரித்தறிவதற்குச் சட்டப் படிப்பும் நூலகப் பயிற்சியும் சேர்ந்தே கைகொடுக்கின்றன.

ஆகவே, சட்டப் பட்டம் ஒன்றே போதும் என்று நினைத்து, பட்டியலாக்கத்தையும் வகைப்படுத்தலையும் எழுதுவினைஞர் வேலையாகக் கருதுவது அடுத்த தவறு. 1960இல் தொடங்கப்பட்ட இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா, கொழும்புப் பல்கலைக்கழகத்துடன் இணைந்த தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவகத்தின் பட்டப்பின் படிப்புகள், களனிப் பல்கலைக்கழகத்தின் படிப்புகள் ஆகியவை கொழும்பில் இருப்பவர்களுக்கு எட்டும் தூரத்திலேயே உள்ளன. பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் பதவி கல்விசார் பதவியாகவே கொள்ளப்படுவதால், அங்கே செல்ல விரும்புபவர் இத்துறையில் பட்டப்பின் தகுதியையும் ஆய்வையும் இப்போதே திட்டமிட வேண்டும். மறுபுறம், சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்வதற்குச் சிறிது தூரமே எஞ்சியிருக்கும் நிலையில் அதைக் கைவிட்டுவிட்டு வருவதும் எனக்கு உடன்பாடானதன்று, முடித்துவிட்டு வாருங்கள்.

அமெரிக்க நிலைமையை வாசித்து இங்கே எதிர்பார்ப்பு வளர்த்துக்கொள்வதும் ஏமாற்றத்தையே தரும். அங்கே சட்டக் கல்லூரி நூலகப் பதவிகள் பலவற்றுக்குச் சட்டப் பட்டமும் நூலகவியல் முதுமாணியும் ஒருங்கே கேட்கப்படுகின்றன. சட்ட நூலகர்களுக்கான சங்கமும் 1906 முதல் இயங்குகிறது. இங்கே பதவிகள் சில. சட்டபீடம், சட்டக் கல்லூரி, பாராளுமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், பெரிய சட்ட நிறுவனங்கள் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆகவே, வெற்றிடங்களுக்காக வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையைப் பற்றி நான் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பனிச் சட்டம் கேட்டு வந்த ஓர் இளம் சட்டத்தரணிக்கு, தேடலில் முதலில் கிடைத்த 1982ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தை அச்சிட்டுக் கொடுத்துவிட்டேன். அது 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தால் நீக்கப்பட்டது என்பதை அவரே கவனித்துத் திரும்பி வந்தார். அவர் கவனிக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து நடைமுறையில் உள்ளதா, எப்போது திருத்தப்பட்டது என்று பார்க்காமல் எந்தத் தாளையும் கைமாற்றியதில்லை. 2023இல் நியூயோர்க்கில், சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுச் செயலி புனைந்து கொடுத்த இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய சட்டத்தரணிகளுக்கு நீதிமன்றம் 5,000 டொலர் தண்டம் விதித்தது. தீர்ப்பை மூலத்தில் எடுத்துப் பார்க்கும் ஒருவர் இடையில் இருந்திருந்தால் அது நேர்ந்திருக்காது.

சட்டம் படித்தவர்கள் எளிதில் வழுக்கும் இடம் ஒன்றும் உண்டு. பொதுமக்களும் வரக்கூடிய நூலகமாயின், கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா கையில் கடிதத்தோடு வந்து, "வீட்டை விடச் சொல்லி அனுப்பியிருக்கினம் தம்பி, நான் என்ன செய்ய?" என்று கேட்கக்கூடும். விடை தெரிந்ததுபோல் நாக்கு நுனி வரை வரும். "நீங்கள் போகத் தேவையில்லை அம்மா" என்று சொல்வது சட்ட ஆலோசனை. நூலகர் அதைச் சொல்லக்கூடாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்தையும் அதன் திருத்தங்களையும் தமிழில் எடுத்து முன்னே வைக்கலாம். அண்மைக்காலச் சட்டமொன்றாயின், சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று அதில் எழுதியிருக்கும் பிரிவையும் காட்ட வேண்டும். பிறகு, புதுக்கடையிலேயே இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு எந்த வழியால் போவது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்பலாம்.