இயற்கை விவசாய மானியம்: மதுரைப் பக்கத்து விவசாயி எங்கிருந்து தொடங்குவது?

“இயற்கை விவசாயத்துக்கு கவர்மென்ட்ல பணம் தர்றாங்களாமே?” மேலூரிலிருந்து உசிலம்பட்டி வரை டீக்கடைகளில் இந்தப் பேச்சு ஓடுகிறது. தருகிறார்கள். ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை பின்னேற்பு மானியம். நாம் கைக்காசைப் போட்டு வேலையை முடிக்க வேண்டும். அலுவலர் வந்து பார்த்துப் படம் எடுப்பார். அதன்பிறகுதான் பணம் கணக்கில் ஏறும். ஆகவே மானியத்தைப் பார்த்து விவசாயத்தை மாற்ற வேண்டாம். நம் தோட்டத்துக்கு எது தேவையோ, அதற்குப் பொருந்துகிற மானியத்தைக் கேட்டு வாங்குவோம்.

முதல் வேலை: தோட்டத்தில் மிஞ்சுவதை எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். எத்தனை மாடு, எவ்வளவு சாணம், வாழைத்தண்டு, கரும்புச் சோகை, தென்னை மட்டை, வைக்கோல் என்று மிஞ்சுவதையெல்லாம் எழுதுங்கள். இதில் எதைக் கொளுத்துகிறோம், எதை விற்கிறோம், வெளியிலிருந்து எதைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்றும் குறியுங்கள். தோட்டத்தில் விளைந்தது தோட்டத்துக்கே உரமாகத் திரும்பினால் அதுதான் சுழற்சி விவசாயம். நோட்டில் இந்தக் கணக்கு இருந்தால்தான் அக்ரி ஆபீசில் என்ன கேட்பது என்று தெரியும்.

இரண்டாவது: காகிதம்

பலர் நின்றுவிடுவது இங்கேதான். பட்டா இன்னும் தாத்தா பேரில் இருக்கும், அல்லது அண்ணன் தம்பி நாலு பேர் பேரில் கூட்டுப் பட்டாவாக இருக்கும். விதைக்கிற நேரத்தில் இதைச் சரிசெய்ய முடியாது. வேலை இல்லாத சித்திரை, வைகாசியிலேயே பட்டா மாறுதலுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். யார் பேரில் எவ்வளவு நிலம் என்று காட்டும் சிட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலை வி.ஏ.ஓ.விடம் வாங்குங்கள். ஆதார், வங்கிப் புத்தக நகல், புகைப்படம் வேண்டும். 5 ஏக்கருக்குள் நிலம் இருந்தால் இ-சேவை மையத்தில் சிறு, குறு விவசாயி சான்றுக்கு மனு கொடுங்கள். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணையும் பதிந்து வாங்குங்கள்.

வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று வங்கிக்கே போய்க் கேளுங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பணம் வராததற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது: எந்தத் திட்டம்?

தனியாகச் செய்பவருக்கு மாநில அரசின் ‘முதலமைச்சரின் மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டம் நல்ல தொடக்கம். 2024-25இல் 206 கோடி ரூபாயில், 22 இனங்களோடு அறிவிக்கப்பட்டது. வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழும் பசுந்தாள் உரப் பயிரின் விதை பாதி விலையில் கிடைக்கும். மண்புழு உரப் படுக்கைக்கும் மானியம் உண்டு. பசுந்தாள் பயிரான தக்கைப்பூண்டை ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூவெடுக்கும்போது சுமார் 45 நாளில் மடக்கி உழுதுவிடுங்கள். நெல் வயலுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். செலவு குறைவு, பலன் ஒரே போகத்தில் மண்ணில் தெரியும்.

ஊரில் பத்திருபது பேர் சேர முடியுமென்றால் மத்திய அரசின் பரம்பராகத் கிருஷி விகாஸ் யோஜனா இருக்கிறது, 2015இல் வந்தது. 20 ஹெக்டேர் ஒரு தொகுப்பு. ஹெக்டேருக்கு 3 ஆண்டுகளில் 31,500 ரூபாய். அதில் 15,000 ரூபாய் இடுபொருளுக்காக நேரடியாக விவசாயி கணக்குக்கு வரும். ஒருவருக்கு 2 ஹெக்டேர் வரைதான். தேசிய இயற்கை வேளாண் இயக்கம் 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்றது. அதிலும் தொகுப்பாகத்தான் சேர்ப்பார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 4,000 ரூபாய் வீதம் 2 ஆண்டு, ஒரு ஏக்கர் வரை ஊக்கத்தொகை. தொகைகளும் விதிகளும் மாறக்கூடியவை என்பதால் மனு கொடுக்கிற அன்று அலுவலரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது: மனு

உழவன் செயலியில் பதிந்துவிட்டு, அதோடு விடாமல் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கும் நேரில் போங்கள். உங்கள் கிராமத்துக்கு உதவி வேளாண்மை அலுவலர் என்றைக்கு வருவார் என்பதையும் செயலியிலேயே பார்க்கலாம். காய்கறி, மல்லிகை, வாழை என்றால் தோட்டக்கலைத் துறை, அலுவலகம் வேறு. இலக்கு தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அடுத்த ஆண்டுக்குப் பெயரை எழுதி வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள். அனுமதி கிடைக்கும் முன்பு பொருள் வாங்கிவிடாதீர்கள். வாங்கும்போது உங்கள் பேரில் பில் கேளுங்கள்.

ஐந்தாவது: மண்புழுப் படுக்கையை உயிரோடு வைத்திருங்கள்

மானியத்தில் வாங்கிய பச்சைப் படுக்கை கிழிந்து வேலியோரம் கிடப்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது. 12 அடி நீளம், 4 அடி அகலம், 2 அடி உயரப் படுக்கையைத் தென்னை நிழலில் போடுங்கள். புதுச் சாணத்தில் சூடு கிளம்பும்; புழு செத்துவிடும். பதினைந்து இருபது நாள் ஆறவிட்ட சாணத்தையும் பாதி மக்கிய இலைதழைகளையும் அடுக்கடுக்காகப் போட்டுப் புழுவை விடுங்கள். ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் கை ஈரமாக வேண்டும், தண்ணீர் ஒழுகக் கூடாது. அதுதான் பதம். மதுரை வெயிலுக்கு ஈரச்சாக்கு போர்த்தியே ஆக வேண்டும். எறும்பு ஏறாமல் சுற்றிலும் தண்ணீர் நிற்க ஒரு சிறு வாய்க்கால் வெட்டுங்கள். கயிறு ஆலையிலிருந்து வரும் நார்க்கழிவைப் பச்சையாகக் கொட்ட வேண்டாம். அது தனியாக மக்க வேண்டிய பொருள்.

உரம் கறுத்து, டீத்தூள் மாதிரி உதிரியானதும் சில நாள் தண்ணீரை நிறுத்துங்கள். புழு அடியில் இறங்கிவிடும். மேலே இருப்பதை அள்ளலாம். சந்தேகம் வந்தால் ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரி வளாகத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

சான்றிதழ்

இதை மானியத்தோடு சேர்த்தே தொடங்குங்கள். குழுவாகச் செய்பவர்களுக்கு, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்லும் பங்கேற்பு உத்தரவாத முறை போதும். தனியாக, ஏற்றுமதி வரை யோசிப்பவர்கள் விதைச்சான்று மற்றும் அங்ககச்சான்றுத் துறையில் பதிய வேண்டும். அங்கே ஆண்டுப் பயிருக்கு 2 ஆண்டு, தென்னை, மா போன்றவற்றுக்கு 3 ஆண்டு, ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறும் மாறுதல் காலம். அந்தக் காலம் முழுக்க என்றைக்கு விதைத்தோம், எதைத் தெளித்தோம், எவ்வளவு அறுத்தோம் என்று அந்த நோட்டிலேயே தேதி போட்டு எழுதி வாருங்கள். பக்கத்து வயலில் மருந்தடித்தால் காற்றில் இங்கே வரும் என்பதால் வரப்போரம் கொஞ்ச இடம் விட்டு அகத்தியோ செடிமுருங்கையோ நெருக்கி நடுங்கள். ஆய்வுக்கு வருகிறவர் அந்த ஓரத்தையும் பார்ப்பார்.