லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கு முதல்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், நார்தம்பர்லாந்தில் உள்ள லிண்டிஸ்ஃபார்ன், கடல் ஏறும்போது தீவாகவும் வற்றும்போது கரையோடு சேர்ந்த நிலமாகவும் நாளுக்கு இருமுறை மாறுகிறது. ஆகவே தங்குமிடத்தையோ உணவையோ யோசிப்பதற்கு முன் கடலின் நேரத்தை அறிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: தீவைக் கரையோடு இணைக்கும் சாலை கடல் ஏறும்போது மூழ்கிவிடும் என்பதால், அதற்கென நார்தம்பர்லாந்து கவுன்சில் வெளியிடும் பாதுகாப்பான கடப்பு நேரங்களில், நீங்கள் செல்லும் தேதிக்கு உரியதை மட்டும் பார்த்து, திரும்பும் நேரத்தையும் சேர்த்துத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இந்நேரங்கள் நாள்தோறும் மாறுவதால் நேற்றைய கணக்கு இன்றைக்கு உதவாது. சாலையோரத்தில் உயரமான கால்களின்மேல் நிற்கும் சிறு மரக்கூண்டு, கடலில் சிக்கியவர்கள் ஏறி ஒதுங்குவதற்காக அமைக்கப்பட்டது. அதில் ஏறியவர் பிழைத்துக்கொள்வார், உப்புநீரில் மூழ்கிய அவருடைய கார் பிழைக்காது.

இரண்டாம் படி: பெரிக் அபான் ட்வீட் என்ற ஊர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பேருந்திலோ டாக்ஸியிலோ செல்லலாம், காரில் வருவோர் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து பீல் என்ற சிற்றூர் வழியாகத் திரும்ப வேண்டும். கம்புகள் நட்ட யாத்திரைப் பாதையில் மணலையும் சேற்றையும் மிதித்து நடப்பவர்களும் உண்டு. ஆனால் மேற்சொன்ன நேரங்கள் சாலைக்கு உரியவை, நடைபாதைக்கு அல்ல என்பதால், வழி தெரிந்தவர் துணையின்றிப் புதியவர்கள் அதில் இறங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மூன்றாம் படி: ஊரை அடைந்ததும் முதலில் மடாலயத்துக்குச் செல்லுங்கள். ஸ்காட்லாந்தின் அயோனாத் தீவிலிருந்து வந்த துறவி எய்டன், நார்தம்பிரியா நாட்டு மன்னர் ஆஸ்வால்டின் ஆதரவில் 635-இல் இங்கே துறவியர் மடத்தை நிறுவினார். ஆனால் இன்று கண்ணில் படும் செங்கற்சிவப்பு இடிபாடுகள் 12-ஆம் நூற்றாண்டில் மீண்டும் எழுப்பப்பட்டவை. இதை அறியாமல் எய்டனின் சுவர்கள் என்று எண்ணிப் படமெடுப்பவர்கள் ஏராளம். கோபுரம் விழுந்த பின்னும் வானவில்போல் தனித்து நிற்கும் ஒற்றைக் கல்வளைவை அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். 793-இல் வைக்கிங்குகள் என்னும் வடநாட்டுக் கடற்கொள்ளையர் இம்மடத்தைச் சூறையாடினர். அருகிலுள்ள காட்சியகத்தில், ஓங்கிய ஆயுதங்களுடன் ஏழு வீரர்கள் வரிசையாக வருவதுபோல் செதுக்கிய பழைய கல்லறைக் கல் ஒன்றைக் காணலாம்.

நான்காம் படி: பக்கத்திலேயே உள்ள புனித மேரி ஆலயத்தில், 875-இல் தீவைவிட்டு வெளியேறிய துறவியர் இம்மடத்தின் முன்னாள் ஆயர் புனித கத்பர்ட்டின் சவப்பெட்டியைச் சுமந்து செல்லும் மரச்சிற்பம் இருக்கிறது. இம்மடத்தோடு தொடர்புடைய, ஓவியங்கள் தீட்டிய புகழ்பெற்ற கையெழுத்துப் பிரதியான லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலை இங்கே தேட வேண்டாம். அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.

ஐந்தாம் படி: ஊரின் கரையை ஒட்டி, கத்பர்ட் தனிமை தேடிச் சென்றதாகச் சொல்லப்படும் சின்னஞ்சிறு திட்டு ஒன்று உள்ளது. நீர் நன்றாக வற்றியிருந்தால் மட்டும் பாசி படிந்த கற்களின்மேல் கவனமாக நடந்து அங்கே செல்லுங்கள். அதன் பிறகு, தாளில் எழுதிய நேரத்துக்கு அரைமணி முன்னதாகவே காரைக் கிளப்பிவிடுங்கள்.