புறநானூற்றில் பெண்களின் துக்கத்தைப் படிப்பது எப்படி

முதலில் உரையை மூடி வையுங்கள். 112ஆம் பாட்டை எடுத்து வாய்விட்டு நாலு தடவை படியுங்கள், மொத்தமே 5 அடிதான். பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடியது. அன்றைய நிலவில் அப்பாவும் இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டுமே இல்லை. அவ்வளவுதான் செய்தி. அழுகை என்ற சொல்லே கிடையாது, ஆனால் 'வெண்ணிலவு' இரண்டாவது முறை வரும்போது நமக்குத் தொண்டை அடைக்கும். எந்தச் சொல் திரும்ப வருகிறது, அதற்குள் என்ன மாறிவிட்டது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

அப்புறம், யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். 246இல் கணவன் பூதப்பாண்டியனை இழந்த அரசி பெருங்கோப்பெண்டு, அவன் சிதைத் தீயில் பாயாமல் தன்னைத் தடுக்கும் சான்றோரிடம்தான் பேசுகிறாள். வேளைக்கீரையைத் தின்று, பாயில்லாமல் பருக்கைக் கல்மேல் படுக்கும் கைம்மை வாழ்வை வரிசையாகச் சொல்லிவிட்டு, எனக்குத் தாமரைப் பொய்கையும் தீயும் ஒன்றுதான் என்கிறாள். இதைக் கற்பின் பெருமை என்று மட்டும் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவள் மறுக்கும் வாழ்க்கை எவ்வளவு கொடியது என்று அந்தக் கீரையும் கல்லும் சொல்கின்றனவே, அங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்.

பாட்டு எந்தப் பொருள் வகை, எந்தச் சூழல் என்று சொல்லும் திணை, துறைக் குறிப்புகளைக் கடைசியில் பார்த்தால் போதும். அடுத்து 86க்குப் போங்கள், அதில் ஒரு தாய் தன் வயிற்றைப் புலி இருந்துபோன கல்குகை என்கிறாள்.