பழைய கடைக் கட்டிடமும் மேற்கு வெயிலும்: ஜன்னலில் காசை வீணாக்கும் தவறுகள்

தர்மபுரி பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி எங்களுக்கு ஒரு மாடிக் கட்டிடம் இருக்கிறது. 1980களில் கட்டியது. கீழே கடைகள், மேலே ஓர் ஆடிட்டர் அலுவலகம், ஒரு கம்ப்யூட்டர் சென்டர். முகப்பு மேற்கு. பங்குனி பிறந்துவிட்டால் மதியம் மூன்று மணிக்கு மேல் மாடியில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை மட்டும் குளிராது. ஜன்னலை என்ன செய்யலாம் என்று சில வருடங்களாக ஒவ்வொன்றாகச் செய்து பார்த்ததில் தப்புகள்தான் அதிகம்.

முதல் தப்பை நல்லவேளை செய்யவில்லை, செய்யப் பார்த்தோம். இரும்பு ஜன்னலையெல்லாம் பிடுங்கிவிட்டு யூபிவிசி என்கிற கெட்டி பிளாஸ்டிக் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் போடலாம் என்று ஒருவர் விலை கொடுத்தார். தொகையைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட உட்கார்ந்தேன். ஐந்துக்கு நாலடி ஜன்னல் ஒன்று. வெளியே 38 டிகிரி, உள்ளே 26. இந்த 12 டிகிரி வித்தியாசத்தால் ஒற்றைக் கண்ணாடி வழியாக உள்ளே கடத்தப்படும் வெப்பம் சுமார் 130 வாட். ஆனால் நாலு மணிக்கு அதே கண்ணாடி மேல் நேராக அடிக்கிற வெயில் உள்ளே கொண்டுவருவது சுமார் 900 வாட். ஆக, ஒரு ஜன்னல் என்பது அறைக்குள் ஒரு கிலோவாட் ஹீட்டர் போட்டு வைத்த மாதிரி. ஒரு டன் ஏசி வெளியேற்றுவது மூன்றரை கிலோவாட் என்றால், மூன்றரை ஜன்னல் ஒரு ஏசியை முழுசாகத் தின்றுவிடும்.

சாதாரண இரட்டைக் கண்ணாடி போட்டால் அந்த 130 பாதியாகும். 900 சுமார் 780 ஆகும், அவ்வளவுதான். குளிர்நாட்டில் உள்ளே இருக்கிற சூடு வெளியே போகாமல் காக்கத்தான் அது கெட்டிக்காரச் சரக்கு. நமக்குப் பிரச்சினை வெயில். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டால் 900 என்பது 200, 250 வரை இறங்கும். அதற்கு வேண்டியது மூங்கில் தட்டியோ, தோட்டக்கலைக் கடைகளில் கிடைக்கும் 75 சதவீத நிழல்வலையோதான். ஓசூர்ப் பக்கம் பூ வளர்க்கிறவர்களைக் கேட்டால் வலையின் ரகம் வாரியாகச் சொல்வார்கள்.

உள்பக்கம் திரை போட்டால் போதாதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் திரையைச் சூடாக்கும், திரை அறையைச் சூடாக்கும். கண் கூசாமல் இருக்கும், ஏசிக்குப் பெரிய உதவி இல்லை.

வலை கட்டியதிலும் தப்புப் பண்ணினோம். கண்ணாடியோடு ஒட்டிக் கட்டிவிட்டோம். சூடான வலை கண்ணாடியையும் சூடாக்கியது. அரை அடியாவது இடைவெளி விட்டு, மேலும் கீழும் காற்று போக வழி வைக்க வேண்டும். வெறும் நூல் கயிற்றில் கட்டியிருந்ததை ஆடிக் காற்று ஒரே இரவில் கிழித்து எதிர்க்கடை போர்டில் மாட்டிவிட்டது. இப்போது இரும்புச் சட்டம் அடித்து, நான்கு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கிறோம். இன்னொன்று: பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று ஏசியின் அவுட்டோர் யூனிட்டையும் சேர்த்து வலையால் மூடாதீர்கள். அது விடும் சூட்டுக் காற்றையே அது திரும்ப உறிஞ்சினால் கரண்ட் பில் ஏறத்தான் செய்யும்.

சன்ஷேடுதான் இருக்கிறதே என்று நினைப்பதும் வீண். ஒன்றரை அடி சன்ஷேடு உச்சி வெயிலுக்கு நிழல் தரும். மேற்கே சாய்ந்து கண்ணுக்கு நேராக வரும் வெயிலுக்கு அது குறுக்கே நிற்காது. வடக்கு ஜன்னலையும் மறந்துவிடக் கூடாது. தர்மபுரி 12 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், சித்திரை 10 வாக்கிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்கும்.

அப்புறம் கூலிங் ஃபிலிம். விற்க வந்தவர் ஒரு சிவப்பு பல்பை எரியவிட்டு, ஃபிலிம் ஒட்டிய கண்ணாடிக்குப் பின்னால் என் கையை வைக்கச் சொன்னார். சூடே இல்லை. அந்த பல்பு தருவது பெரும்பாலும் அகச்சிவப்புக் கதிர். வெயிலின் சக்தியில் அது ஏறக்குறைய பாதிதான். ‘அகச்சிவப்பு 95 சதவீதம் தடுக்கும்’ என்ற வாசகத்தை விட்டுவிட்டு, மொத்தச் சூரிய வெப்பத்தில் எத்தனை சதவீதம் தடுக்கும் என்று கேளுங்கள். அதோடு வெளிச்சம் எத்தனை சதவீதம் உள்ளே வரும் என்பதையும் கேளுங்கள். கறுப்பாக இருந்தால் குளிர்ச்சி என்று நம்பி வாங்கிய எங்கள் ஆடிட்டர், பட்டப்பகலில் ஆறு டியூப்லைட் போட்டுக்கொண்டு கணக்குப் பார்த்தார்.

மாசியில் ஒட்டினோம். சித்திரையில் ஒரு கண்ணாடி ஓரத்திலிருந்து நேராகக் கோடு விட்டது. யாரோ கல் எறிந்தார்கள் என்று சண்டைக்குப் போகாத குறை. காரணம் ஃபிலிம்தான். வெயிலை உறிஞ்சும் ஃபிலிம் கண்ணாடியின் நடுப்பகுதியைச் சுட வைக்கிறது. சட்டத்துக்குள் இருக்கிற ஓரம் சூடாவதில்லை. மக்கு, அதாவது கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் பூச்சு, இறுகிப்போன பழைய இரும்புச் சட்டம், ஓரத்தில் ஏற்கெனவே சிறு உடைப்பு என்றால் அங்கேதான் விரியும். கலர் கண்ணாடி, கம்பிவலை பதித்த கண்ணாடி இரண்டிலும் இன்னும் ஆபத்து. ஒட்டுவதற்கு முன் ஓரங்களைப் பார்க்காமல் விட்டது எங்கள் தப்பு, சொல்லாமல் ஒட்டியது அவர் தப்பு.

இடுக்குகளைப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஏசி ஓடும்போது சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை ஆடுகிற இடத்தில் மக்கு உதிர்ந்திருக்கும். புது மக்கும் ரப்பர் பீடிங்கும் மலிவு. வெயில் படும் இடத்தில் ஃபோம் டேப் வேண்டாம், பொடியாகிவிடும். கண்ணாடி லூவர் வைத்த வென்டிலேட்டரை மறந்துவிட்டு ஜன்னலை மட்டும் அடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஏசி இல்லாத கீழ்க்கடைகளுக்கு இதெல்லாம் பொருந்தாது. அங்கே இரவில் வென்டிலேட்டர் திறந்திருந்தால்தான் பகல் முழுக்கச் சூடு குடித்த சுவர் ஆறும். கொசுவலை அடித்துத் திறந்து விடுங்கள்.

செலவு கட்டிட உரிமையாளருக்கு, பில் மிச்சம் வாடகைதாரருக்கு என்றால் வேலை நகராது. நாங்கள் இரும்புச் சட்டத்துக்கு, அவர்கள் வலைக்கு என்று பேசி முடித்தோம்.

இவ்வளவும் செய்த பிறகும் கம்ப்யூட்டர் சென்டரில் பில் இறங்கவில்லை. போய்ப் பார்த்தால் ரிமோட் பழையபடி 18-இல் இருந்தது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு. 25-இல் வைத்துவிட்டு வந்தேன். ஒருவரும் புழுங்குகிறது என்று சொல்லவில்லை.