வீடு வாங்கும் முன், அதை உங்களிடமிருந்து வாங்கப்போகிறவரை யோசியுங்கள்

வங்கிகள் வீட்டுக்கடன் கொடுக்கும் முன் அந்த வீட்டுக்கு மதிப்புப் போட ஒரு பொறியாளரை அனுப்புமே, அந்த வேலை எனக்கு. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், மேடவாக்கம் என்று சென்னையின் தெற்குப் புறநகர்தான் என் வட்டம். வீடு தேடுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "எந்த ஏரியா ஏறும்?" நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: பத்து வருடம் கழித்து நீங்கள் விற்கப் போனால் உங்களிடம் வாங்க வரப்போவது யார், அவருக்கு வங்கி கடன் கொடுக்குமா?

இந்தக் கேள்வியோடு ஊரைச் சுற்றினால் ஏரியாக்கள் வேறு மாதிரித் தெரியும். குரோம்பேட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் நிலையம், ஜிஎஸ்டி சாலை, மருத்துவமனைகள், பள்ளிகள், கடைத்தெரு எல்லாம் நடை தூரத்தில். அங்கே வீடு வாங்குகிறவர்களில் நிறையப் பேர் ஏற்கெனவே அங்கே வாடகைக்கு இருக்கிறவர்கள், அல்லது அப்பா அம்மா அங்கே இருப்பதால் பக்கத்தில் வர நினைக்கும் பிள்ளைகள். நங்கநல்லூரும் அப்படித்தான். காலி மனை அநேகமாக இல்லாததால் புதிய வீடு வேண்டும் என்றால் பழைய கட்டடத்தை இடித்தால்தான் உண்டு.

மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் கதை வேறு. ஓஎம்ஆர் எனப்படும் பழைய மகாபலிபுரம் சாலையின் ஐடி கம்பெனிகளை நம்பி வந்த ஊர்கள். நல்ல ஊர்கள்தான், நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பக்கத்துக் காலி மனையில் புதுக் கட்டடம் எழுந்துகொண்டே இருக்கும். உங்கள் பத்து வருட ஃப்ளாட்டை விற்கக் கொண்டுபோகும் அன்று, எதிரே லிஃப்ட், ஜிம் எல்லாம் வைத்து பில்டர் புது ஃப்ளாட் விற்றுக்கொண்டிருப்பார். வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்? அதனால் அந்தப் பக்கம் வாங்குவதாக இருந்தால், நீங்கள் பார்க்கும் அதே வளாகத்தில் இப்போது எத்தனை ஃப்ளாட் விற்பனைக்கு நிற்கிறது, எத்தனை மாதமாக நிற்கிறது என்று முதலில் விசாரியுங்கள். வாட்ச்மேனுக்குத் தெரியும். புரோக்கரைவிட அவர் சரியாகச் சொல்வார்.

விலை விஷயத்தில் காதால் கேட்டதை நம்ப வேண்டாம். பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை யாரும் பார்க்கலாம். அந்தச் சர்வே எண்ணில் சமீபத்தில் பதிவான கிரயங்களும், பத்திரத்தில் காட்டிய விற்பனைத் தொகையும் அதில் இருக்கும். பத்திரத்தில் குறைத்துக் காட்டும் பழக்கம் உண்டு என்பதால் அதுவே முழு உண்மை ஆகாது. ஆனாலும் அந்தத் தெருவில் வருடத்துக்கு எத்தனை வீடு கைமாறுகிறது என்று தெரிந்துவிடும். கைமாறாத தெருவில் கேட்கும் விலை வெறும் ஆசை விலை.

அடுத்தது யுடிஎஸ், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் உங்கள் ஃப்ளாட்டோடு சேர்ந்து வரும் பிரிக்கப்படாத நிலப் பங்கு. மதிப்புப் போடும்போது சாதாரணமாகக் கான்கிரீட் கட்டடத்துக்கு 60 வருட ஆயுள் வைத்து, ஆயுள் முடிந்து இடிக்கும்போது மிஞ்சும் கழிவு மதிப்பு என்று 10 சதவீதத்தை விட்டுவிட்டு, மீதியை வருடத்துக்கு ஒன்றரை சதவீதமாகக் கழிப்போம். அதாவது 20 வருடத்தில் கட்டடத்தின் மதிப்பில் 30 சதவீதம் போய்விடும். ஏறுவது நிலம் மட்டும். ஒரு கிரவுண்டில், 2,400 சதுர அடியில், ஆறு ஃப்ளாட் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 400 சதுர அடி நிலம். அதே அளவு ஃப்ளாட், பல மாடி வளாகத்தில் 250 சதுர அடி யுடிஎஸ்ஸோடு வரலாம். நிலம் சதுர அடி 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் முதலாவதில் உங்கள் நிலத்தின் மதிப்பு 32 லட்சம், இரண்டாவதில் 20 லட்சம். ஃப்ளாட் விலை இரண்டுக்கும் ஒன்றாக இருக்கும்போது எதை வாங்குவது என்று நான் சொல்லத் தேவையில்லை.

பழைய கட்டடங்களைப் பில்டர்கள் தேடி வருவதும் இந்த யுடிஎஸ்ஸுக்காகத்தான். முன்பு ஒரே ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மறுகட்டுமானம் வருடக்கணக்கில் நிற்கும். 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரண்டு பங்கு பேர் சம்மதித்தால் போதும் என்று ஆக்கியிருக்கிறது. நல்ல இடத்தில், நிலப் பங்கு அதிகம் உள்ள பழைய ஃப்ளாட்டுக்கு இது பெரிய பலம்.

இனி தண்ணீர். இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகள் மூழ்கியதை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இரண்டு வருடம் மழை லேசாகப் போனால் விலை பழையபடி ஏறும், வாங்க ஆளும் வருவார்கள். அடுத்த நவம்பரில் டிவியில் அந்த ஊர்ப் பெயர் வந்ததும் பேச்சுவார்த்தை அப்படியே நின்றுவிடும். நீங்கள் விற்க வேண்டிய வருடம் எந்த வருடமாக அமையும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஒரே ஊருக்குள் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பும். ஆகவே ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் தெருவில் இறங்கிப் பாருங்கள். காம்பவுண்டு சுவரில் அடிப்பக்கம் நீளமாகப் படுக்கைக் கோடாகக் கறை இருக்கிறதா? ஈபி மீட்டர் பெட்டியைத் தரையிலிருந்து பிடுங்கித் தோள் உயரத்துக்கு மாற்றியிருக்கிறார்களா? வீட்டு வாசலில் புதிதாகத் தடுப்புத் திண்டு கட்டியிருக்கிறார்களா? தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம், "2015இல் இங்கே எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். கையை இடுப்பிலோ முழங்காலிலோ வைத்துக் காட்டுவார்.

சாலை மட்டத்தையும் கவனியுங்கள். நம் ஊரில் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச் சாலை போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் இன்று சாலைக்குக் கீழே கிடக்கின்றன. வெள்ளமே வராத தெருவிலும் அப்படிப்பட்ட வீட்டுக்குள் மழைத் தண்ணீர் வரும். தரைத்தள ஃப்ளாட் என்றால் இந்த ஒரு காரணத்துக்காகவே விலை பேசலாம், அல்லது விட்டுவிடலாம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல், சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈர நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதைச் சுற்றி எதைக் கட்டலாம், எவ்வளவு தள்ளிக் கட்டலாம் என்ற வழக்குகள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிருக்கின்றன. அதை ஒட்டிய திட்டம் எதுவாக இருந்தாலும், அனுமதி ஆணையை வழக்கறிஞரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். சதுப்பு நிலம் காப்பாற்றப்பட வேண்டும் என்று மனதார நினைக்கிறவன் நான். அது இல்லாவிட்டால் தென்சென்னை மொத்தமும் மழைக்காலத்தில் தவிக்கும்.

மெட்ரோ வரப்போகிறது என்ற பேச்சுக்கு விலை கொடுக்காதீர்கள். மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகும் தடத்துக்குத் தூண்கள் எழுந்துவிட்டன, அதைக் கணக்கில் எடுக்கலாம். அறிக்கை அளவில் உள்ளதை எடுக்கக்கூடாது. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டும் வேலை வெறும் 5 கிலோமீட்டர். அதுவே பத்து வருடத்துக்கு மேல் இழுத்தது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் 2023 டிசம்பரில் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராக இல்லை. இன்று ஓடுகிற ரயில் நிலையத்துக்கு நடந்து போக முடியுமா என்று காலை எட்டு மணிக்கு நீங்களே நடந்து பாருங்கள். ரயில்வே கேட் குறுக்கே இருந்தால் அதையும் கடந்து பாருங்கள்.

கடைசியாகக் காகிதம். வங்கி கடன் மறுக்கும் வீட்டை ரொக்கக்காரர் மட்டும்தான் வாங்குவார், அவர் சொல்வதுதான் விலை. அனுமதிக்கு மேல் ஒரு மாடி, பார்க்கிங்கை அடைத்துக் கட்டிய அறை, கோயில் நிலம், புறம்போக்கு, நத்தம் என்று தெளிவில்லாத பட்டா, 2016 அக்டோபர் 20க்கு முந்தைய அங்கீகாரமில்லாத மனையை இன்னும் வரன்முறைப்படுத்தாதது, இவற்றில் எது இருந்தாலும் நான் போய் நிற்கும்போது அறிக்கையில் எழுதித்தான் ஆக வேண்டும். இன்று உங்களுக்கு ஏதோ ஒரு நிறுவனம் கண்டுகொள்ளாமல் கடன் கொடுத்துவிடலாம். உங்களிடம் வாங்குகிறவருக்கும் அப்படி அமையும் என்று எண்ணாதீர்கள். தாய்ப் பத்திரம் (சொத்து முன்பு கைமாறிய மூலப் பத்திரம்), 30 வருட வில்லங்கச் சான்று, பட்டா, அங்கீகரிக்கப்பட்ட வரைபடம், பணிநிறைவுச் சான்று ஆகியவற்றின் நகலை வாங்கி, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி நடங்கள். பக்கவாட்டுக் காலியிடம் வரைபடத்தில் காட்டிய அளவுக்கு இருக்கிறதா என்று டேப் வைத்தே அளந்துவிடலாம்.

பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 60 லட்சத்து வீட்டுக்கு 5 லட்சத்து 40 ஆயிரம். வீட்டின் விலை அந்த அளவு ஏறிய பிறகுதான் உங்கள் லாபக் கணக்கே தொடங்கும் என்பதால், மூன்று நான்கு வருடத்தில் ஊர் மாறும் எண்ணம் இருந்தால் வாடகைக்கே இருங்கள். வாங்குவது என்று முடிவெடுத்தால், விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் எழுதச் சொல்லுங்கள்: பத்திரக் குறையால் வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் முழுவதையும் இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். அந்த வரிக்கு மறுப்புச் சொல்கிற விற்பனையாளரிடம் அதற்கு மேல் பேச வேண்டாம்.